சிவகாசியில் பனி கொட்டுகிறது!

நீங்கள் பனிமனிதனைப் பார்த்திருக்கிறீர்களா? நான் ஒரே காலைப்பொழுதில் 29 பேரைப் பார்த்தேன். சுவிட்சர்லாந்தில் இல்லை சார், சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில். டிசம்பர் மாதம்தான். ஆனாலும் பதினோரு மணி வெயில் சுள்ளென்று முதுகில் அடித்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். ஒரு பள்ளிக்கூடத்தில் (பெயர் வேண்டாமே!) ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ஓவிய, கைவேலைப் போட்டி. தலைப்பு 'விண்டர் வொண்டர்லேண்ட்'. நடுவராக வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் பி.காம். படித்தவன். ஓவியத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், பேலன்ஸ் ஷீட்டுக்கு நடுவில் நேராகக் கோடு போட்டதோடு சரி. ஆனால், பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. அதை ஏன் கெடுப்பானேன் என்று போய்விட்டேன்.

மொத்தம் 46 சார்ட்டுகள். காமர்ஸ் புத்தி, எண்ணாமல் இருக்க முடியவில்லை. பனிமனிதன் 29. பஞ்சு ஒட்டிய கிறிஸ்துமஸ் மரம் 8. இக்ளூ 4. பென்குயின் 3. கொடைக்கானல் டூர் போன நினைவில் வரைந்த ஏரி ஒன்று. மிச்சம் ஒன்று. அந்த மிச்சம் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

முதலில் இந்த 29 பேரை விசாரித்துவிடுவோம். எல்லோரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். கீழே பெரிய உருண்டை, மேலே சின்ன உருண்டை. ஆரஞ்சு பேப்பரில் கேரட் மூக்கு. கழுத்தில் சிவப்பு மப்ளர். மூன்று கறுப்புப் பொத்தான். உடம்பெல்லாம் மெடிக்கல் ஷாப் பஞ்சு. சார்ட்டின் ஓரமெல்லாம் ஜிகினாத் தூள். வகுப்பு மாறினாலும் பிரிவு மாறினாலும் மூக்கு மட்டும் மாறவில்லை.

இக்ளூ வரைந்த பிள்ளை அதன் வாசலில் ஒரு பென்குயினை நிறுத்தியிருந்தது. பக்கத்தில் பனிக்கரடி. பென்குயின் இருப்பது உலகத்தின் தென்பாதியில். பனிக்கரடியும் இக்ளூவும் வடக்கே, ஆர்க்டிக் பக்கம். இவர்கள் மூவரும் சந்தித்துக்கொள்ள சிவகாசியை விட்டால் வேறு இடம் கிடையாது!

பிள்ளைகளைக் குற்றம் சொல்லவில்லை. அவர்களுக்கு முன்னால் வைக்கப்பட்ட மாதிரிப் படத்தில் என்ன இருந்ததோ அதைச் செய்தார்கள். சமர்த்தாகத்தான் செய்தார்கள். என் கேள்வி, செய்யச் சொன்ன நம்மைப் பற்றியது.

தமிழில் 'பனி' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் மூன்று வேலை வாங்குகிறோம். புல்லின் மேல் முத்து முத்தாக நிற்பதும் பனி. விடிகாலையில் எதிரே வரும் லாரியை மறைப்பதும் பனி. இமயமலையில் கொட்டுவதும் பனி. நம் ஊர் முன்னோர்கள் வருஷத்தை ஆறு பொழுதாகப் பிரித்தபோது குளிருக்கு மட்டும் இரண்டு இடம் கொடுத்தார்கள். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. முன்னிரவில் விழும் பனி வேறு, பின்னிரவில் விழும் பனி வேறு என்று பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த ஊர், இன்று பிள்ளையைக் கூப்பிட்டு 'பனிக்காலம் வரை' என்று சொன்னால், வெர்மான்ட் மாநிலத்தில் கொட்டும் பனியை வரைகிறது.

வெர்மான்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவின் அந்த மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்றொரு விவசாயி இருந்தார். தன் ஊரில் விழுந்த பனித்துகளை 1885-ல் மைக்ராஸ்கோப்பும் கேமராவும் சேர்த்து வைத்துப் படம் பிடித்தார். அப்புறம் வாழ்நாள் முழுக்க அதே வேலை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். எங்கும் ஓடவில்லை. தன் வாசலில் என்ன விழுகிறதோ அதைப் பார்த்தார், அவ்வளவுதான். அவர் படங்களில் பனித்துகளுக்கு ஆறு முனை. நம் பிள்ளைகள் வெள்ளைத்தாளை நாலாக, எட்டாக மடித்துக் கத்தரித்து ஒட்டிய பனித்துகளுக்கோ எட்டு முனை. பார்த்துச் செய்வதற்கும் பார்க்காமல் செய்வதற்கும் இரண்டு முனை வித்தியாசம்.

சரி, அந்த ஆறு முனை நம் ஊரில் எங்கேயும் இல்லையா? இருக்கிறதே! மார்கழி மாசம் உங்கள் தெருவில் நடந்து பாருங்கள். 'இடைப்புள்ளி, பதினைந்து புள்ளி எட்டு வரை' என்று அக்காமார்கள் சொல்வார்கள். நடுவில் 15 புள்ளி. மேலேயும் கீழேயும் 14, 13 என்று குறைந்துகொண்டே போய் 8-ல் நிற்கும். கூட்டிப் பார்த்தேன், மொத்தம் 169 புள்ளி. அந்த 169 புள்ளியின் வெளிக்கோட்டை வரைந்தால் என்ன வரும் தெரியுமா? பக்கத்துக்கு எட்டு புள்ளி உள்ள சுத்தமான அறுகோணம். பென்ட்லி மைக்ராஸ்கோப்பில் தேடியதை எங்கள் அத்தை மைக்ராஸ்கோப் இல்லாமல் வாசலில் போட்டுவிட்டு, நடுவில் ஒரு பூசணிப்பூவும் வைத்துவிட்டுப் போகிறாள். 46 சார்ட்டில் ஒன்றில்தான் கோலம் இருந்தது.

அந்த ஒன்றுக்கு வருவோம்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி. பஞ்சு இல்லை, ஜிகினா இல்லை. சார்ட்டின் பின்பக்கத்தில், க்ரேயானில் வரைந்திருந்தாள். தெரு முழுக்க கறுப்பும் ஊதாவும். ஒரு தெருவிளக்கு, அதைச் சுற்றி மஞ்சள் வட்டம். அந்த வட்டத்தின் மேல் சாக்பீஸ் தூளைத் தூவி விரலால் தேய்த்துவிட்டிருந்தாள். வெளிச்சம் மங்கி, சத்தியமாகச் சொல்கிறேன், பனி இறங்கியிருந்தது! வாசலில் கோலம், வீட்டைவிடப் பெரிதாக. கோலத்துக்குப் பக்கத்தில் அம்மா, விரல் உயரத்துக்கு.

அளவு தப்பு என்று நீங்கள் சொல்லலாம். எது முக்கியமோ அதைப் பெரிதாகப் போடுவது குழந்தையின் வழக்கம். கோயில் சுவர் ஓவியத்தில் சாமி பெரிதாகவும் ராஜா சின்னதாகவும் நிற்பதில்லையா? அந்தக் கணக்குதான் இது. அந்த வீட்டில் விடிகாலையில் நடக்கிற பெரிய காரியம் கோலம். அதனால் அது பெரிதாக இருக்கிறது.

வீட்டுத் திண்ணையில் ஒரு நீலக் கலர் பாட்டில். உள்ளே வெள்ளையாக ஏதோ இருந்தது.

"இது என்ன பாப்பா?"

"தேங்கா எண்ணெ சார். உறைஞ்சு போச்சு. வெயில்ல வச்சிருக்கு."

எனக்குச் சட்டென்று என்னமோ செய்தது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பித்துவிடும். நம் ஊர்ப் பிள்ளை கண்ணால் பார்த்து, விரலால் நோண்டி, தலையில் வைத்து உருகவிடுகிற ஒரே பனிக்கட்டி அதுதான். விருதுநகர் எண்ணெய் வியாபாரத்தில் பேர் வாங்கிய ஊர். மாவட்டத் தலைநகரே எண்ணெயில் மிதக்க, பக்கத்து ஊரில் நாம் பனியைத் தேடி எங்கோ போய்க்கொண்டிருக்கிறோம். இந்த மாவட்டத்துக் குளிரை எட்டு வயசுப் பிள்ளை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்திருந்தாள்.

வீட்டுக்குள்ளே ஒரு ஆள் படுத்திருந்தார். "அப்பா. நைட்டு காலண்டர் வேலைக்குப் போயிட்டு வந்து தூங்குறாங்க."

விமர்சனம் என்று பார்த்தால், அந்த 46-ல் பனிக்காலம் இருந்தது இந்த ஒரு படத்தில்தான். ஏன் என்று சொல்கிறேன். பனிக்காலம் என்றால் வெள்ளை நிறம் இல்லை. அந்தக் காலத்தில் மனுஷன் என்ன செய்கிறான் என்பதுதான். பீட்டர் ப்ரூகல் 1565-ல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்' உலகப் பிரசித்தம். அதில் வேட்டைக்காரர்கள் அலைந்து திரிந்து ஒரே ஒரு நரியோடு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். ஒரு பக்கம் சத்திரத்து வாசலில் தீ மூட்டுகிறார்கள். கீழே உறைந்த குளத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பனிமனிதன் இல்லை, மனிதர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாக்காரர் வரைந்தது அவர் பார்த்த குளிர்காலத்து வேலையும் பசியும். நாம் அவரிடமிருந்து வேலையையும் பசியையும் விட்டுவிட்டு பனியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நம் பக்கத்துப் பனிக்காலத்தில் என்ன நடக்கிறது? தீபாவளியோடு பயராபீஸ் மூடும். (பட்டாசுத் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர்.) அப்புறம் பூஜை போட்டுத் திறப்பார்கள். மழையும் மேகமுமாக இருந்தால் மருந்து காயாது, வேலை இருக்காது. வறண்ட ஊர் என்பதால் வந்த தொழிலாயிற்றே. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது, பேரியம் கூடாது என்றது. அந்த வருஷத்துப் பனிக்காலம் முழுக்க ஆலைகள் பூட்டிக் கிடந்தன. இன்னொரு பக்கம், அச்சகங்களில் டிசம்பரில்தான் தலைபோகிற வேலை. புது வருஷத்து காலண்டரும் டைரியும் இங்கிருந்துதானே ஊர் ஊராகப் போகின்றன? ஒரு வீட்டில் அம்மாவுக்கு வேலை இல்லாத மாசமும் அப்பாவுக்குத் தூக்கம் இல்லாத மாசமும் ஒன்றாக வருகிறது. அதுதான் இங்கே 'விண்டர் சீசன்'.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சிவகாசிக்கு வெள்ளைப் பனி புதுசே இல்லை. வருஷக்கணக்காக அதை அச்சடித்து விற்கிற ஊர் இது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டி வந்தது, அதற்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்கு அச்சகம் வந்தது, அச்சகத்துக்கு காலண்டர் வந்தது. பக்கத்தில் கோவில்பட்டியில் கொண்டையராஜு இருந்தார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் சிஷ்யர்களும் வரைந்த சாமி படங்கள் இங்கே அச்சாகி நாடெல்லாம் பூஜை அறைக்குப் போயின. சிவபெருமானுக்குப் பின்னால் கயிலாயம், பனி மூடி. என் சின்ன வயசில் பார்த்த கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்து அட்டைகளிலும் பனி போர்த்திய வீடுகள்தான்.

ஒருமுறை ஒரு அச்சகத்தில், மெஷின் ஓட்டும் அண்ணாச்சியிடம் கேட்டேன். "இந்தப் பனிக்கு என்ன இங்க் போடுவீங்க?"

சிரித்தார். "வெள்ளைக்கு ஏது தம்பி இங்க்கு? நாலு கலர்தான். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. பனி வர்ற எடத்துல ஒண்ணும் விழாது. வெறும் பேப்பர்."

அந்த வார்த்தை எனக்கு அந்தக் கண்காட்சியில் ஞாபகம் வந்தது. நம் பிள்ளைகளின் 29 பனிமனிதர்களும் அப்படித்தான். வெறும் பேப்பர். அந்த இடத்தில் பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து ஒரு துளி மை விழவில்லை.

'எல்லாக் காலத்திலும் இப்படித்தானே, நீ என்ன கிழித்தாய்?' என்று கேட்பீர்கள். நியாயம். நானும் 'இயற்கைக் காட்சி' வரைந்தவன்தான். இரண்டு முக்கோண மலை, நடுவில் அரைச்சூரியன், வளைந்து வரும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை, மூன்றைப் படுக்கப்போட்ட மாதிரி பறவைகள். ஆறு இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு பத்து வருஷம் ஆறு வரைந்தேன். இன்று என்னை வரையச் சொன்னாலும் அதே மலைதான் வரும். அதைத்தான் சொல்கிறேன்: அன்று பிடித்த வியாதி இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி அறிஞர் 1947-ல் எழுதிய புத்தகத்தில் கலரிங் புக்குகளை ஏன் எதிர்த்தார்? அடுத்தவர் போட்ட கோட்டுக்குள் வண்ணம் அடித்துப் பழகிய குழந்தை, தன்னால் கோடு போட முடியும் என்ற நம்பிக்கையை இழந்துவிடும் என்றுதான். எனக்குச் சரியாகப் பொருந்துகிறது.

டீச்சரைத் திட்டிவிட்டு முடித்துக்கொள்ளவும் எனக்கு மனசு வரவில்லை. கணக்கும் தமிழும் இங்கிலீஷும் நடத்துகிற அதே டீச்சர்தான் ஓவியமும் பார்க்க வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியத்துக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அதில் இருக்கிறது. எந்த வகுப்புக்கு? ஆறு முதல் எட்டு வரை. தமிழ்நாட்டில் 2012-ல் மாசம் 5,000 ரூபாய் சம்பளத்தில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோதும் அந்த மேல் வகுப்புகளுக்குத்தான். குழந்தை கண்ணைத் திறந்து பார்த்து கைபோன போக்கில் வரைகிற வயசு ஐந்தாம் வகுப்புக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் நம் சட்டம் ஓவிய டீச்சரை அனுப்பி வைக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவினபிறகு சாம்பார் ஊற்றுகிற மாதிரி!

ஆனால், எனக்கு இதில் இன்னொரு சந்தேகம் உண்டு. பனிமனிதனை நமக்குப் பிடிப்பதற்குக் காரணமே, அவன் தொந்தரவு இல்லாதவன் என்பதுதான். அவனுக்குச் சாதி இல்லை, தெரு இல்லை, கூலி பாக்கி இல்லை. 'நீ பார்த்த பனிக்காலத்தை வரை' என்று இந்தப் பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னால், கோலமும் எண்ணெய் பாட்டிலும் மட்டும் வராது. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். மாசி பிறந்த நேரம். அதுவும் பனிக்காலம்தான். அதைப் பார்த்த பிள்ளை அதையும் வரையும். அந்த சார்ட்டை எந்தச் சுவரில் மாட்டுவோம்? எத்தனை மார்க் போடுவோம்? பஞ்சு எவ்வளவோ சௌகரியம்.

இந்த ஊரில் பிள்ளைகளின் கைக்கு ஒரு வரலாறு உண்டு. சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிய கை அது. விடிகாலையில் பஸ் வந்து தூக்கிக்கொண்டு போன பிள்ளைகளைப் பற்றி சலம் பென்னூர்கர் 1990-ல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஆவணப்படமே எடுத்தார். 1986-ல் சட்டம் வந்தது. 1996-ல் எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். எத்தனையோ பேர் போராடி அந்தக் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கி க்ரேயானைக் கொடுத்திருக்கிறார்கள். சாதாரணக் காரியமா அது? கொடுத்துவிட்டு, ஒரே அச்சில் 29 பனிமனிதனைச் செய்யச் சொன்னால் என்ன அர்த்தம்? இதுவும் ஒருவகையில் சட்டத்தில் குச்சி அடுக்குகிற வேலைதானே? மருந்து மட்டும்தான் இல்லை.

பனியே கூடாது என்று நான் கொடி பிடிக்கவில்லை. பிள்ளை கனவு காணட்டும். சிவகாசியில் நிஜமாகவே பனி கொட்டினால் எப்படி இருக்கும் என்று வரையச் சொல்லுங்கள். பயராபீஸ் தகரக் கூரையில் எவ்வளவு நிற்கும், பஸ் ஸ்டாண்ட் பரோட்டாக் கடையில் கல் எப்படிக் காயும், மாரியம்மன் பொங்கலுக்குத் தீச்சட்டியை எப்படி அணையாமல் கொண்டுபோவார்கள்? அது கற்பனை. கேரட் மூக்கு நகல். பஞ்சு வேண்டுமா, தாராளமாக ஒட்டட்டும். ஆனால், கரிசலில் மாசி, பங்குனியில் காய் வெடித்து நிற்கும்போது, தன் அப்பத்தா குனிந்து எடுத்த பஞ்சு அது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.

முடிவு என்னாச்சு என்று கேட்கிறீர்களா? மூன்று நடுவர்கள். மார்க் ஷீட்டில் நாலு கட்டம்: சுத்தம், வண்ணம், கற்பனை, தலைப்புக்குப் பொருத்தம். ஒவ்வொன்றுக்கும் பத்து. முதல் பரிசு, உள்ளே சீரியல் பல்பு எரிந்த பனிமனிதனுக்கு. வயரிங் பண்ணியது அந்தப் பையனின் அப்பா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நம் சிறுமிக்குத் தலைப்புக் கட்டத்தில் மற்ற இரண்டு பேரும் ரெண்டு ரெண்டு மார்க் போட்டிருந்தார்கள். "ஸ்நோவே இல்லையே சார்!"

நான் கொஞ்சம் வாதாடினேன். கொஞ்சம்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் வேறு. 'சரி, ஆறுதல் பரிசு கொடுத்துடுவோம்' என்றார்கள். நானும் மூன்றாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பஞ்சு ஒட்டியவர்களில் நானும் ஒருத்தன் என்பதை இந்த இடத்தில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆறுதல் பரிசு என்ன தெரியுமா? ஒரு கலரிங் புக். அட்டையில் பனிமனிதன்.

உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், அடுத்த மார்கழியில் ஒரு நாள் மட்டும் ஐந்து மணிக்கு எழுப்பி வாசலில் உட்கார வையுங்கள். குல்லா மாட்டிவிடுங்கள். கையில் ஒரு தாளையும் நாலு க்ரேயானையும் கொடுத்துவிட்டு, தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். என்ன வருகிறதோ அதைச் சுவரில் மாட்டுங்கள். மாட்ட இடம் இல்லை என்றால், காலண்டரை எடுத்துவிட்டு மாட்டுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.